இருளையும் காட்டாத இருள்

கண்ணில் புரை விழுந்தால் தென்காசிச் சீமையில் இப்போதெல்லாம் யாரும் பெரிதாகக் கலங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போடுவார்கள், வண்டி வரும், ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்து அனுப்பிவிடுவார்கள். கண் நீர் அழுத்த நோய் அப்படியல்ல. டாக்டர்கள் கிளாக்கோமா என்றும், ஊரார் ‘கண்ணுல பிரஷர்’ என்றும் சொல்லும் இந்த நோயில் போன பார்வை போனதுதான். அது போய்க்கொண்டிருப்பதுகூடப் பெரும்பாலும் பறிகொடுப்பவருக்குத் தெரியாது.

14 ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில் இருள்மல நிலை என்று ஓர் அதிகாரம் உண்டு. சாதாரண இருளையும், உயிரைப் பிடித்த அழுக்கான ஆணவ மலத்தையும் அதில் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இருள் மற்றப் பொருளையெல்லாம் மறைத்தாலும், இங்கே இருட்டு இருக்கிறது என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அவர் பேசியது உயிரைப் பற்றி, கண்ணைப் பற்றியல்ல. ஆனாலும் புரைக்கும் கிளாக்கோமாவுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். புரை விழுந்தவர் மங்கலாகத் தெரிகிறது என்று தானே சொல்லிக்கொண்டு வருவார். கிளாக்கோமாக்காரர் ‘எனக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது’ என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. பார்வைப் பரப்பின் ஓரம் தேயும்போது அங்கே கறுப்புத் திரை எதுவும் விழுவதில்லை. தெரியாத இடத்தை அக்கம்பக்கத்துக் காட்சியைக் கொண்டு மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்கிறது. குற்றால சீசனில் ஐந்தருவிப் படியில் கால் தடுக்கினால் பாசியைத் திட்டுவார்கள், பக்கவாட்டில் வந்தவர்மீது மோதினால் கூட்டத்தைத் திட்டுவார்கள். கண்ணைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. கண்ணுக்குப் பொருளைக் காட்டி உடன்நின்று காண்பது உயிர் என்பது சிவஞானபோதத்தின் 11 ஆம் சூத்திரத்தில் மெய்கண்டார் எடுத்துக்கொள்ளும் உவமை. அந்த உயிரே இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டினால் என்ன செய்வது? உயிர் தன் மலத்தைத் தானே கண்டுகொள்ளாது, உணர்த்துவதற்கு ஒருவர் வேண்டும் என்கிறது சித்தாந்தம். கிளாக்கோமாவிலும் நிலைமை அதுவே, அங்கே குரு என்றால் இங்கே கருவி.

தென் தமிழகத்தில் 3 மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைச் சோதித்து, அரவிந்த் கண் மருத்துவமனையினர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு கிளாக்கோமா இருந்தது. அதில் அதிகம் காணப்பட்டது திறந்த கோண வகை. அந்த வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அன்றுவரை யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதற்குள் ஒரு கண்ணையோ இரு கண்களையுமோ இழந்திருந்தார்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, கருவிழிக்கும் கருவிழிப்படலத்துக்கும் இடையிலுள்ள கோணத்தின் வழியாக வடிகிறது. வடிவது தடைப்பட்டால் அழுத்தம் ஏறி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பு நசிகிறது. கோணம் திறந்திருந்தும் நீர் மெதுவாக வடிந்தால் ஓசையில்லாமல் பல ஆண்டுகள் ஓடிவிடும். கோணம் திடீரென மூடிக்கொண்டால் கதை வேறு: கண் சிவந்து தெறிக்கும், விளக்கைச் சுற்றி வானவில் தெரியும், வாந்தி வரும். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால் சில நாட்களிலேயே பார்வை போகலாம். பிறவியிலேயே வருவதும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் வருவதும் உண்டு. வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பார்கள். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருப்பதால் அழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. கோணத்தைப் பார்க்க வேண்டும், நரம்பின் தலையைப் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பொறுமையை அதிகம் சோதிப்பது பார்வைப் பரப்புச் சோதனைதான். ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கெங்கோ சின்ன வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். சில வெளிச்சங்கள் வேண்டுமென்றே தெரியாத அளவுக்கு மங்கலாக வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெரியவர்கள் பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் மாதிரி முகம் வாடிப்போகிறார்கள். கடைசியில் ஒரு தாள் வரும். தன் கண்ணுக்குள் எங்கே இருட்டு என்பதை மனிதர் முதன்முதலாகக் கறுப்புத் திட்டாக அந்தத் தாளில்தான் பார்க்கிறார்.

அதைப் பார்த்த கையோடு கிளம்பும் கேள்வி, நான் என்ன பாவம் செய்தேன் என்பது. பெரிய புராணத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. திருவொற்றியூரில், பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறிய சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களையும் இழந்தார். காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் ஒன்றுமாகத் திரும்பப் பெற்றார். ஆனால் சுந்தரருக்குத் தன் பிழை தெரியும், கண் போனதும் அந்தக் கணமே தெரிந்தது. கிளாக்கோமாவில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. யாருக்கு வருகிறது என்று கணக்கெடுத்தால் வயது, ரத்த உறவு, கடுமையான கிட்டப்பார்வை என்றுதான் பட்டியல் போகிறது, வாக்குத் தவறியவர்கள் என்று அல்ல. பாவம் என்ற பேச்சினால் ஒரு நடைமுறைக் கேடும் உண்டு. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் சோதித்துக்கொண்டாக வேண்டும்; பாவத்தின் சம்பளம் என்று நினைப்பவர் அதை அண்ணன் தம்பியிடம் வாய் திறந்து சொல்லமாட்டார். வினையை நம்புகிறவர்களுக்கும் சாக்கு இல்லை. அனுபவித்தே தீர வேண்டிய பிராரத்தத்தோடு, இன்றைய செயலால் சேரும் ஆகாமியத்தையும் சைவம் சேர்த்தே சொல்கிறது. சொட்டு மருந்து விடாதது இன்றைய செயல்.

அப்படியானால் சாமியிடம் எதைக் கேட்பது? மாரியம்மன் கோயில்களில் வெள்ளிக் கண்மலர் சாத்துகிறவர்கள் பெரும்பாலும் போனதைத் திருப்பிக் கேட்கிறார்கள். தென்காசி விசுவநாதர் கோயில் கல்வெட்டில் வேறு மாதிரி வேண்டுதல் ஒன்று இருக்கிறது. 15 ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இது என்றைக்கும் நிற்கும் என்று மார்தட்டவில்லை. பிற்காலத்தில் பழுது வந்தால் அதைச் சீர்செய்து காப்பவர் யாரோ அவர் காலில் இன்றே விழுகிறேன் என்று பொறித்துவைத்தான். பழுது வரும் என்று முன்னாலேயே ஒப்புக்கொண்ட பக்தி அது. ராஜகோபுரம் பிறகு சிதைந்துதான் போயிற்று. திரும்ப எழுப்பி 1990-ல் குடமுழுக்குச் செய்தார்கள்.

நரம்பைத் திரும்ப எழுப்ப இன்றுவரை வழியில்லை. மிச்சத்தைக் காக்க வழி இருக்கிறது. டைமோலால், லேட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்துகள் அழுத்தத்தைக் குறைக்கும். ஆஸ்துமாக்காரர் டைமோலாலுக்கு முன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். கோணம் மூடும் வகைக்கு லேசரால் சிறு துளை போடுவார்கள். மருந்துக்கு அடங்காவிட்டால் நீர் வெளியேறப் புது வழி வெட்டும் அறுவை சிகிச்சை. பெரும்பாலோருக்கு விதிப்பது சொட்டு மருந்துதான், அதுவும் ஆயுள் முழுக்க. கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்தல், இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து அது. கை நடுங்கினால் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். அப்போது மருமகளோ பேத்தியோ விட வேண்டும். பலன் ஒன்றும் தெரியாது, நேற்றைவிட இன்று நன்றாகவும் தெரியாது. ஒரு பாட்டிலோடு பலர் நிறுத்திவிடுவது இதனால்தான்.