விற்பவர் பொறுப்பு எதுவரை?

"கேட்டதைக் கொடுப்பது வியாபாரம்; தின்று நோய் வந்தால் அது தின்றவர் பாடு; ஆயுளோ இறைவன் கையில்" என்று நம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. இது எவ்வளவு தூரம் நியாயம் என்று நாம் சற்றுச் சிந்திப்பது நல்லது.

நாம் விற்கும் அரிசியையே எடுத்துக்கொள்வோம். மலாயாவில் ஈயச் சுரங்கங்கள் பெருகிய காலத்தில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இருதயம் ஓய்ந்து மடிந்தார்கள். வெண்மையாகத் தீட்டிய ஆலையரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களையே அது பெரிதும் பற்றியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அரிதாகவே அணுகியது. 1905-ல் கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. ஓராண்டில் வெள்ளரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள், தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தே காரணம் என்று காட்டினார்கள். அதுவே இன்று நாம் வைட்டமின் பி1 என்பது. நெல்லை அவிக்கையில் அது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது.

ஆயுள் இறைவன் கையில் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே மருத்துவமனையில், அரிசி வேறானதால் சிலர் மாண்டார்கள், சிலர் பிழைத்தார்கள். காரணத்தை நமக்கு அறியக் கொடுத்தவனும் அவனே அல்லவா? அறியுமுன் வெள்ளரிசி விற்றவர்மேல் குற்றமில்லை. அறிந்தபின் "தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

இன்று பெரிபெரி அரிதாகிவிட்டது. அந்த இடத்தில் நீரிழிவு வந்து அமர்ந்திருக்கிறது. 2023-ம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒருவரிடம் அது உண்டு. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதி முதல் சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்களில் தரக்குறி இருந்தாக வேண்டும்.

இதற்காக இனிப்பை எல்லாம் எடுத்து வீசச் சொல்லவில்லை. நாம் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள். வாங்குபவருக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. நல்ல சரக்கையும் பக்கத்தில் வைப்பதும், கேட்டால் உள்ளதைச் சொல்வதும், லாபத்துக்காகக் கெட்டதைப் புகழாதிருப்பதும் நம் கடமை. அதற்குமேல் அவர் விருப்பம்.

ஆனால் தேர்ந்துகொள்ள முடியாத ஒருவர் நம் கடையிலேயே இருக்கிறார். ஊரை விட்டு வந்து, நம்மிடம் வேலை செய்து, நாம் போடும் சோற்றை உண்ணும் சிப்பந்தி. அந்த மருத்துவமனை நோயாளிகளைப் போலவே, தட்டில் விழுந்ததுதான் அவருக்கு உணவு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் மிஞ்சிய குழம்பும், இடையிடையே பால்டின் கலந்த இனிப்புத் தேநீருமாக இருபது ஆண்டு உழைத்து, நோயோடு ஊர் திரும்பினால், அது தின்றவர் பாடு என்று நாம் கைகழுவ முடியுமா? அவர் உடல் நம்மிடம் விடப்பட்ட அமானிதம். தினம் ஒரு கீரை, பருப்பு, ஒரு துண்டு மீன், சர்க்கரை குறைத்த தேநீர்: இதற்கு ஆகும் கூடுதல் செலவை நாம் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? இம்மாதக் கணக்கை முடிக்குமுன் அதையும் ஒருமுறை எழுதிப் பார்ப்போமாக.