கேட்க உரிமையுள்ளவர் யார்?



சில வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை இரண்டாம் நாளே இறந்துபோயிருந்தது. நான் பங்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிறந்த தேதி என்ன, அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர் யார் என்று வரிசையாகக் கேட்டு எழுதினேன். அவளும் பொறுமையாகச் சொன்னாள். நான் புத்தகத்தை மூடும்போது, "எல்லாம் கேட்டீங்க சாமி. வண்டி நின்ன இடம் வரைக்கும் நான் எப்படி வந்து சேர்ந்தேன்னு மட்டும் ஆஸ்பத்திரியிலயும் கேக்கல, நீங்களும் கேக்கல" என்றாள். என் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தாய்மார் பிரசவத்தில் ஏன் இறக்கிறார்கள், சிசுக்கள் ஏன் தங்குவதில்லை என்று படித்தவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் கேள்விகள் வெகு தூரத்தில் தயாராகி வருகின்றன. தாயானவள் விடை சொல்பவளாக மாத்திரம் இருக்கிறாள். எதை விசாரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் அவளுக்குப் பங்கு இல்லையா? இல்லையென்றால் அது வெறும் மரியாதைக் குறைவுதானா, அநீதியும் ஆகுமா?

கருணாபுரத்தாராகிய உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் விஷச்சாராயம் நம் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, எத்தனை பேர் நம் தெருக்களுக்கு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்! உங்கள் மனத்திலிருந்த கேள்வி என்னவென்று அவர்களுள் எத்தனை பேர் கேட்டார்கள்?

வியாதியைப் பற்றி வைத்தியருக்கல்லவா தெரியும், வியாதிக்காரருக்கு என்ன தெரியும் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மையும் உண்டு. கர்ப்பிணி வயிறாரச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று அவளை அரைவயிற்றோடு வைத்ததும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும் நம் பாட்டிமாருடைய வழக்கந்தான். ஜனங்கள் சொல்வதெல்லாம் சரியென்று நான் வாதாட வரவில்லை. ஆயினும், எரிகோ நகரத்தருகே கூவியழைத்தவன் குருடன் என்பது கண்ட எவருக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் நம் ஆண்டவர் அவனுக்கு வேண்டியது என்னவென்று அவன் வாயாலேயே கேட்டறிந்தார் அல்லவா?

நிற்க. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆதிவாசிகள் மிகுந்த மூன்று மாவட்டங்களில், 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' என்ற தொண்டு நிறுவனம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தியது. 36 பகுதிகளில் 18-ல் பெண்கள் மாதந்தோறும் குழுவாகக் கூடினார்கள். கூட்டத்தை நடத்தியவள் டாக்டரல்ல, நர்ஸுமல்ல. அந்தப் பக்கத்துப் பெண். கதையும் படமும் விளையாட்டுமாகப் பேசி, தாயையும் சேயையும் வாட்டும் தொல்லைகளுள் முதலாவது எது என்று பெண்களே தீர்மானித்தார்கள். பரிகாரத்தையும் அவர்களே தேர்ந்து செய்து பார்த்தார்கள். மற்றப் 18 பகுதிகளில் இக்குழுக்கள் இல்லை. 2010-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. பிறந்து ஒரு மாதத்துக்குள் சாகும் சிசுக்களின் மரண விகிதம், குழுக்கள் கூடிய இடங்களில் 32 சதவிகிதம் குறைவு; கடைசி இரண்டு வருடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 45 சதவிகிதம். குழுக்கள் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. வீட்டில் பிரசவம் பார்ப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், கொதிக்கவைத்த நூலால் தொப்புள்கொடியைக் கட்டுவதும் அங்கே பெருகின. பாட்டிமாரை யாரும் அதட்டவில்லை. (சோதனையை வகுத்தவர்கள் படித்தவர்களே என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் எது முதலாவது என்று சொல்லும் இடத்தை அவர்கள் பெண்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.)

நம் தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல காரியம் உண்டு. பிரசவத்தையொட்டித் தாய் இறந்தால் அந்த மரணத்தை ஆராயும் முறை 1994-ல் இங்கே தொடங்கிற்று. 2010-ல் மத்திய அரசு இதற்குத் தேசமெங்கும் விதிமுறை வகுத்தது. அதன்படி கலெக்டர் தலைமையில் நடக்கும் ஆய்வுக்கு இறந்தவளின் வீட்டாரும் அழைக்கப்படுகிறார்கள். வலி எப்போது எடுத்தது, வண்டி எப்போது வந்தது, எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று அவர்களே சொல்லலாம். கூலிக்காரன் ஒருவன் தன் மனைவி இறந்த விதத்தைச் சொல்ல, அதிகாரிகள் உட்கார்ந்து கேட்பது அற்பமான விஷயமல்ல. 2018–20 கணக்கின்படி லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் 54 என்றிருந்ததில் இந்த முறைக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த விதிமுறைப்படி, சொல்லி முடித்ததும் வீட்டார் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காரணம் எது, தாமதம் எங்கே என்று ஆராய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். துக்கத்திலிருப்பவன் எதிரில் டாக்டர்கள் மனந்திறந்து பேசமாட்டார்கள் என்பார்கள், இருக்கலாம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே கண்டறிந்ததை அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாமா? இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவன் சொல்ல நினைத்தால், அதை எங்கே சொல்வான்?

என் புத்தகத்தின் ஓரத்தில் இப்போது ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த மாதம் வீடு சந்திக்க வரும்போது, நான் கேட்காமல் விட்டதை நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.