குயிலில்லாத ஊரில் வஸந்தம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

டொராண்டோ நகரில் பங்குனி பிறந்த பின்னும் சாலையோரப் பனிக்குவியல்கள் அழுக்கேறிக் கிடக்கும். பிறகு ஒரு விடியலில் ராபின் பறவையின் குரல் கேட்கும். மேப்பிள் கிளைகளின் நுனி சிவந்திருக்கும். 1959இல் டோக்கியோ மக்கள் அளித்த மரங்களோடு தொடங்கிய ஹை பார்க் செர்ரித் தோப்பு, சித்திரையில் இலை நிரம்புமுன்னே பூத்து நிற்கும். அம்மொட்டுக்கள் சென்ற கோடையிலேயே அரும்பியவை. போதிய குளிரைப் பட்டாலன்றி அவை விரிவதில்லை. மாதங்களில் மார்கழியும் ருதுக்களில் வஸந்தமும் தானே என்று கண்ணன் கீதையில் ஒரே ச்லோகத்தில் அருளியதற்கு, இவ்வூர் மரங்களைக் காட்டிலும் நல்ல வ்யாக்யானம் வேண்டுமோ!

மார்கழியை நாம் குறைவறவே நடத்துகிறோம். உறைபனியிலும் எழுந்து முப்பது நாளும் திருப்பாவை சேவிக்கிறோம். வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்து புஸ்தகத்தை மூடிவிடுகிறோம். ஆண்டாளோ அதோடு நிற்கவில்லை. தையிலே தரை விளக்கி, மாசியிலும் நோற்று, காமனைத் தொழுதாள். எம்பெருமானையே உபாயமாகப் பற்றியவள் தேவதாந்தரத்தின் காலில் விழலாமோ? அயோத்தி ஜனங்கள் பெருமாளுக்காக எல்லாத் தெய்வங்களையும் தொழுதாற்போலே, இதுவும் ப்ரேமத்தின் கலக்கமே என்று பெரியவாச்சான்பிள்ளை ஸாதித்தருளினார்.

ஐந்தாம் திருமொழியில் அவள் குயிலை இரக்கிறாள்: அவன் வரும்படி கூவாயோ என்று. வஸந்தம் அவளுக்கு இனிக்கவில்லை. அவனுக்கு மட்டும் இனித்ததோ? பிராட்டியைப் பிரிந்து பம்பைக்கரையில் நின்ற பெருமாளுக்கு அசோகப் பூங்கொத்துக்கள் தணலாய்த் தோன்றினவன்றோ!

நமக்கு வஸந்தம் இனிக்கிறது. பிரிவை உணர்ந்திலோம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அவ்வாற்றாமை இல்லாத நாம் அவள் பாசுரத்தைச் சொல்லலாமோ என்று கூசவும் வேண்டா. கன்றை இழந்த பசு தோற்கன்றைக் கண்டும் பால் சுரக்குமாபோலே, திருப்பாவையைச் சொல்லுமளவில் நமக்கும் பலிக்கும் என்றார் பட்டர். தங்கைக்குச் சொன்ன வார்த்தை தமக்கைக்கும் ஆகாதோ? நாச்சியார் திருமொழியும் அதே திருவாக்கில் பிறந்ததே.

ராபின் கூவும் நாளில் தொடங்கலாம். ஐந்தாம் திருமொழி 11 பாசுரமே. காலை நடைக்குள் சேவித்து முடியும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்