யாருடைய அளவு?

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. வண்டி வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்க வேண்டும். ஸ்டிக்கர், திருகாணி வரைக்கும் எல்லாம் 'ஒரிஜினல்' ஆக இருக்க வேண்டும். பாடவேறுபாடு பார்த்து மூலபாடம் தேடும் துறையில் வேலை செய்பவள் என்பதால் இந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மூலத்துக்கு உண்மையாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றுதானா?

கைமாறி என்னிடம் வந்தது 2016-இல் அறிமுகமான முதல் ஹிமாலயன் வகை. 411 சிசி; முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. இருக்கையின் உயரம் 800 மி.மீ. சாகசப் பயண வண்டிகளில் இது குறைவு என்பார்கள். யாரோடு ஒப்பிட்டுக் குறைவு? இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ.; நான் 154. ஏறி உட்கார்ந்தால் கால்விரல் நுனிகள் மட்டுமே தரையைத் தொட்டன.

"சீட்டை வெட்டாதீங்க மேடம், ஒரிஜினல் போயிடும். இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு காலை ஊன்றப் பழகிக்கங்க" என்றார்கள் வண்டி ஓட்டும் நண்பர்கள். அந்த உத்தி உண்மையிலேயே உதவும், கற்றும்கொண்டேன். ஆனால் 'பழகிக்கோ' என்ற சொல்லை நாம் எத்தனை வாசல்களில் கேட்டிருக்கிறோம்! அதில் பழக வேண்டியது எப்போதும் உடல்தான், பொருள் அல்ல.

எதிர்வாதத்தின் வலுவான பகுதியை ஒதுக்கக் கூடாது. வண்டியின் உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிப் போகும். சிறு பள்ளத்தில் விழாமல் கடக்கும். சின்னச் சக்கரம் மாட்டினால் என் கால் எட்டும். ஆனால் வண்டி வேறாகிவிடும். சக்கரத்தின் அளவைக் கேட்பது பாதை. ஆகவே சக்கரங்களை மூலத்தின்படியே மீட்டேன்.

அந்த வேலையைப் பார்ப்பதே ஒரு பாடம். ரிம் சுற்றும்போது இடமும் வலமும் ஆடுவதற்குப் பட்டறையில் 'கோட்டம்' என்று பெயர். அதைச் சரிசெய்வது கோட்டம் எடுப்பது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் அதே சொல். வகுப்பில் மனச்சாய்வு என்று பொருள் சொல்லியிருக்கிறேன், கையால் தொட்டதில்லை. துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிப் புதியன கோத்தபின், சக்கரத்தைச் சுழலவிட்டு ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்தார் மெக்கானிக். ரிம் எங்கே வெளியே வருகிறதோ அங்கே கோடு விழும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி, இடப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்துவார். முறுக்கிக்கொண்டே போனால் பக்கவாட்டு ஆட்டம் நின்று, சக்கரம் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கும். (திருத்துவது என்றாலே இறுக்குவது என்று நினைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.)

இருக்கை அப்படியல்ல. அந்த ஃபோமின் உயரத்தைப் பாதை கேட்கவில்லை. ஒரு உடல் கேட்டது. எந்த உடல் என்பதைத்தான் 'ஒரிஜினல்' என்ற சொல் மறைக்கிறது. கார்களின் மோதல் சோதனையில் பல பத்தாண்டுகளாக உட்காரவைக்கப்பட்ட பொம்மை ஏறத்தாழ 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண். பின்பக்க மோதலைச் சோதிக்க, சராசரிப் பெண்ணின் அளவில் 162 செ.மீ., 62 கிலோவில் ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு உலகுக்குக் காட்டியது 2022-இல்தான்.

"சாருக்கு என்ன ஹைட் மேடம்?" என்று கேட்டார் சீட் தைப்பவர். ஓட்டுவது நான் என்றதும் சங்கடப்படவில்லை. ஏறி உட்காரச் சொல்லிக் காலைப் பார்த்தார். மேலே 30 மி.மீ. வெட்டினார். அதைவிட முக்கியம், முன்பகுதியின் இரு ஓரங்களையும் செதுக்கியது. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, காலின் நீளம் பாதி அதிலேயே செலவாகிவிடுகிறது. ஃபோம் மெலிந்ததால் அடித்தட்டு இடிக்காமலிருக்கக் கெட்டியான ஃபோமை ஒட்டினார். ரெக்ஸின் தைத்தது உள்ளே மெஷினில் இருந்த அவர் மனைவி. "தையல் தொடைக்கு அடியில வரக் கூடாது, அறுக்கும்" என்று வரைந்த கோட்டை மாற்றச் சொன்னார். அவர் வண்டி ஓட்டியதில்லை. கடைப் பலகையில் அவர் பெயரும் இல்லை.

இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் இருக்கைக்குப் பின்பாதி ஒன்று இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும் என்கிறது. அவர் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனால் தெரு அதற்கு 'சாரி கார்டு' என்று பெயர் வைத்தது. நாம் எங்கே உட்காருவோம் என்று தெருவுக்குத் தெரியும்.

முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி எறிந்திருந்தார். சாகசப் பயணப் படங்களில் அந்த இடத்தில் பெட்டிகள்தான் இருக்கும். எனக்கும் அது திரும்ப வேண்டாம் என்றே இருந்தது. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போன தலைமுறைகளின் சின்னம் அது. ஆனால் அம்மாவுக்கு 72 வயது. இந்த வண்டியில் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்கிறாள், சேலையில்தான் வருவாளாம். என் உடலுக்காக ஃபோமை வெட்டியவள், அவளிடம் போய் "சுடிதாருக்குப் பழகிக்கோ" என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. புதுப்பேட்டையில் இரண்டு கடைகளில் கேட்டாயிற்று. இந்த வண்டிக்குப் பழைய சாரி கார்டு வந்தால் எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்சீட்டு அம்மாவுக்கு உயரம்தான். அதையும் வெட்டலாமா என்று கேட்டேன். "வேண்டாம். திண்ணையை ஒட்டி நிறுத்து, நான் ஏறிக்கிறேன்" என்றாள்.