மாக்கோழியை வெட்டிய பாவம்

2004-இல் வெளிவந்த நாள் முதல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணையவழிக் கணினி ஆட்டம் தன் ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது. மனிதர், குள்ளர், இரவு எல்ஃப்கள் அலையன்ஸ் பக்கம். ஆர்க், ட்ரோல், டாரன் ஹோர்டு பக்கம். எதிரணியைக் கண்ட இடத்தில் தாக்கலாம் என்ற சர்வர்களும், தாக்கக் கூடாது என்ற சர்வர்களும் முன்பு தனித்தனியாக இருந்தன. 2018 ஜூலையில் 'பேட்டில் ஃபார் அஸெராத்' விரிவாக்கத்துக்கு முன்னோடியாக வந்த மாற்றம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக 'வார் மோட்' வந்தது. தன் அணியின் தலைநகரான ஸ்டார்ம்விண்டிலோ ஆர்கிரிமாரிலோ நின்று அதைப் போட்டுக்கொண்டால், வெளியில் அதைப் போட்டுக்கொண்ட எதிரணி ஆள் யாரையும் வெட்டலாம், அவர்களும் வெட்டலாம்.

புதிதாக இறங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு தருணம் வரும். காட்டுக்குள் ஒருவர் கரடியோடு போராடிக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே பெயர் சிவப்பில் தெரிகிறது. உயிர்ப்பட்டை கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. பின்னால் வந்து நிற்பவரை அவர் பார்க்கவில்லை. ஓர் அடி போதும். பேசிப் பார்க்கவும் வழியில்லை, எதிரணியின் பேச்சு திரையில் புரியாத எழுத்தாகத்தான் விழும். ஆனால் கையசைப்பதும் வணங்குவதும் அணி கடந்தும் தெரியும். அடிப்பதா, வணங்கிவிட்டு நடையைக் கட்டுவதா என்பதை ஆட்டம் சொல்வதில்லை.

இதில் பாவ புண்ணியம் எங்கே வந்தது? செத்தவர் இடுகாட்டில் ஆவியாக எழுந்து, தன் உடலைத் தேடி ஓடி, சற்று நேரத்தில் மறுபடி உயிர்பெற்றுவிடுகிறாரே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைச் சுற்றித் தமிழில் ஒரு காப்பியமே இருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தில், அரசன் யசோதரனின் மனக்கலக்கம் தீரப் பலி கொடுக்கச் சொல்கிறாள் தாய் சந்திரமதி. சமண நெறி அறிந்த யசோதரன் உயிர்க்கொலைக்கு ஒப்பவில்லை. கடைசியில் மாவால் செய்த ஒரு கோழியை வெட்டிப் பலியிடுகிறார்கள். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல பிறவிகள் விலங்குகளாக அலைகிறார்கள். கொல்லும் எண்ணம் எழுந்தபோதே வினை வந்து ஒட்டிக்கொண்டது என்பது சமணத்தின் தீர்ப்பு.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் சதுரங்கத்தில் குதிரையை வெட்டுவதும் பாவமாகிவிடும். அது சரியாக இராது. டச்சு வரலாற்றாசிரியர் ஜோஹான் ஹுய்சிங்கா 1938-இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' நூலில், விளையாட்டு என்பது தானாக விரும்பி நுழையும் தனி எல்லை, அதற்குள் அதற்கே உரிய விதிகள் நடக்கும் என்று விளக்கினார். வார் மோடில் இருவருமே தெரிந்தே இறங்குகிறார்கள். அந்த அளவில் அது மற்போர் போன்றது. யசோதரனின் பலி அல்ல. ஆனால் சமணர் தொட்ட இடம் இன்னும் மிச்சமிருக்கிறது: வெட்டும்போது உள்ளே என்ன எழுகிறது?

இதற்கு ஒரு சோதனையைப் பார்க்க வேண்டும். நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்து யூதரான ஹென்றி டாஜ்ஃபெல், பின்னாளில் இங்கிலாந்தில் உளவியல் பேராசிரியரானார். 1970 வாக்கில் அவர் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை, பால் க்ளேயின் ஓவியம் பிடித்தவர்கள், கான்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் என்று பிரித்தார். உண்மையில் அது கண்ணை மூடிக்கொண்டு செய்த பிரிவினை. தன் அணியில் யார் இருக்கிறார் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட வருத்தமான ஒன்றும் தெரிந்தது: இரு அணியும் நிறையப் பெறும் வழி இருந்தும், தன் அணிக்குச் சற்றுக் குறைந்தாலும் எதிரணியைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்ற பக்கமே சாய்ந்தார்கள். பகைக்குக் காரணமே தேவைப்படவில்லை. பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

ஆட்டத்தின் உலகமான அஸெராத்தில் அந்தப் பெயர் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பது அதே 2018-இல் தெரிந்தது. ஹோர்டு தலைவி சில்வானஸ், இரவு எல்ஃப்கள் வாழ்ந்த டெல்ட்ராசில் என்ற பெருமரத்துக்குத் தீ வைக்க ஆணையிடுகிறாள். எரியும் நகருக்குள் நுழையும் அலையன்ஸ் ஆட்டக்காரருக்கு ஒரு பணி: 982 பேரைக் காப்பாற்று, நேரம் மூன்று நிமிடம். எவராலும் முடியாது. புகையில் சிலரைத் தூக்கிவிடுவதற்குள் நேரம் போய்விடும். அங்கே படைநடத்திச் சென்ற ஹோர்டு ஆட்டக்காரர்களில் பலர் கொதித்துப்போனார்கள். நாங்கள் வைக்காத தீ எங்கள் கணக்கில் ஏன் வர வேண்டும் என்று கேட்டார்கள். கதைக்குள்ளேயே முதிய தளபதி சார்ஃபாங் அந்தத் தீயை ஏற்க மறுத்து விலகினார். பிறகு, அவர் பக்கமா, சில்வானஸ் பக்கமா என்று தேர்ந்தெடுக்கும் வழியும் ஹோர்டு ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது.

அணிக்கும் மனசாட்சிக்கும் நடுவே நிற்கும் இந்த இடத்தை மகாபாரதம் நன்றாக அறியும். சூதாட்ட சபையில் திரௌபதிக்காக வாய் திறந்த கௌரவன் விகர்ணன். போர் வந்தபோது உடன்பிறந்தாரோடு நின்று மாண்டான். திருதராட்டிரனின் இன்னொரு மகன் யுயுத்சு, போர் தொடங்கும் முன் தருமனின் அழைப்பைக் கேட்டு அணி மாறினான். பலராமன் இரு பக்கமும் வேண்டாமென்று தீர்த்த யாத்திரை போனான். மூவரில் எவரையும் காவியம் எளிதில் தள்ளிவிடவில்லை. அவரவர் அணி அவரவருக்காக யோசிக்கவில்லை என்பதுதான் மூவருக்கும் பொது. வார்கிராஃப்டிலும் ஒரு பலராமன் இருந்தார். 2012-இல் வந்த பாண்டரன் இனத்தார் ஆமைத் தீவில் அணி சேராமல் தொடங்கி, முடிவில் ஒரு பக்கம் சேர வேண்டும். ஓர் ஆட்டக்காரர் சேரவே இல்லை. தீவிலேயே மூலிகை பறித்தும் தாது வெட்டியும் உச்சநிலை வரை ஏறினார்.

ஆகவே வார் மோடைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சம பலத்தோடு நிற்கும் எதிரியோடு மோதுவதில் திறமையும் துணிவும் கூடும். கேள்வி வருவது, கரடியிடம் பாதி செத்தவரை வெட்டும்போதும், விழுந்தவர் எழும்வரை உடலருகே காத்திருந்து மறுபடி வெட்டும்போதும்தான். விதி இரண்டையும் தடுக்கவில்லை. "அவன் ஹோர்டு" என்பது அங்கே காரணமாகச் சொல்லப்படும். யசோதரனும் "இது வெறும் மாவு" என்றுதான் வாளை எடுத்தான். 2022 மே இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பின் இரு அணியினரும் ஒரே குழுவாகச் சேர்ந்து குகைகளுக்குள் போகலாம். ஒருவர் காயத்தை மற்றவர் ஆற்றலாம். ஆனால் வெளியே வந்ததும், வார் மோட் இருந்தால், அதே இருவரும் ஒருவரையொருவர் தாக்கலாம். உள்ளே தோழன், வெளியே எதிரி என்ற அந்த மாற்றத்தில் எதிரே நிற்பவர் மாறவில்லை. வாளை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தன் எண்ணத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பை இந்த ஆட்டம் தருகிறது, பார்ப்பதற்கு ஆட்டக்காரர் தயாராக இருந்தால்.