தாழிக்குள் இருப்பவர்

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள், அருங்காட்சியகப் பயிற்சிக்கு வரும் மாணவர் முன் ஒரு பழைய அறக்கேள்வியை வைக்கின்றன: உள்ளிருக்கும் எலும்பு பொருளா, முன்னோரா? 1876இல் அகழ்ந்த யாகோர் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவருக்கு அவை பொருள்களே. பின்னர் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தபோது தங்க நெற்றிப்பட்டங்களோடு உமியும் கிடைத்தது. இறந்தவருக்கும் பசிக்கும் என்று நம்பியவர்கள் வைத்த படையல் என்றே அதைக் கொள்ளலாம். வாய்க்கரிசி போடும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை இல்லாத மாணவரும் அதை மதிக்க முடியும். எலும்பை அளப்பதில் தவறில்லை. ஒருவருடையது என்ற நினைப்பே இல்லாமல் எண் ஒட்டுவதுதான் தவறு. 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில், தாழிகள் புதைத்த இடத்திலேயே கண்ணாடித் தளத்துக்குக் கீழே இருக்கின்றன.