மருத்துவக் கணக்கும் அபயதானமும்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். இவற்றுள் ஔஷததானத்திற்கு நம் சமூகத்தில் குறைவில்லை. சிராவகர் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் இருக்கின்றார் என்னும் செய்தி எட்டியதும் பொருள் திரட்டி அனுப்புகின்றோம். ஆயின் அப்பொருள் எவ்வெவற்றிற்குச் செலுத்தப்பட்டது என வினவும் வழக்கம் நம்மிடையே அரிது. உயிர் காத்தவரிடம் கணக்குக் கேட்பது நன்றி மறத்தல் ஆகாதோ எனக் கூசுகின்றோம். நோயாளிக்குத் துணை நின்று, முறையற்ற கட்டணத்தை வினவிக் குறைக்கச் செய்வது அறமா, அன்றிப் பிறர் ஊதியத்தில் கைவைக்கும் செயலா?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை என்னும் விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. குறைத்தும் மிகுத்தும் அளத்தல் அவற்றுள் ஒன்று. இது தராசு பிடிப்பவனுக்கு மட்டும் உரிய விதியன்று. 'நுகர்பொருள்கள்' என ஒரே வரியில் பல்லாயிரம் ரூபாயைக் குறித்த கட்டணச் சீட்டும் முள் மறைக்கப்பட்ட தராசே.

இது வெறும் ஐயமன்று. இதயக் குழாயில் பொருத்தப்படும் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு நோயாளிகள் ஒரு லட்சத்திற்கு மேலும் கொடுத்து வந்தனர். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் அதன் உச்சவிலையை 29,600 ரூபாய் என வரையறுத்தது. மறு ஆண்டு, தில்லிப் பகுதியின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் சீட்டுகளை ஆராய்ந்த அதே ஆணையம், சில பொருள்களில் இலாபம் 1,700 விழுக்காட்டையும் கடந்திருந்ததாக அறிவித்தது. உயிர் காத்தவர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம் என்பது மெய். அக்கடன் ஊசிக்கும் கையுறைக்கும் பன்மடங்கு விலை கொடுப்பதால் தீர்வதன்று.

துணை நிற்பவர் செய்ய வேண்டுவது பெரிதும் பொறுமையான வேலை. இனவாரியான கணக்கைக் கேட்டுப் பெறுதல், வாங்கிப் பயன்படாத மருந்துகள் திருப்பி வரவு வைக்கப்பட்டனவா எனப் பார்த்தல், வராத நாளுக்கு மருத்துவர் வருகைக் கட்டணம் ஏறியுள்ளதா என ஒப்பிடுதல், அட்டையில் அச்சிட்ட விலையைச் சரிபார்த்தல் ஆகியனவே அவை. அறையின் தரம் உயர உயர அதே அறுவைக்கும் கட்டணம் உயர்த்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு; அதனைச் சேரும்போதே கேட்டறிய வேண்டும். இனவாரிக் கணக்குப் பெறுதலும் மருந்தை விரும்பிய கடையில் வாங்குதலும் நோயாளியின் உரிமைகள் எனத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த சாசனம் கூறுகின்றது. கட்டணத் தகராற்றைக் காட்டி நோயாளியைத் தடுத்து வைத்தல் ஆகாது என்பதும் அதில் உண்டு. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின்பாற்படும் என உச்சநீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துள்ளது.

ஆயினும் வினவுவோர்க்கும் விரதம் உண்டு. உள்ள பொருளை மறைத்து வறுமை பேசிக் குறைத்தல் பொய்; உரிய கட்டணத்தை மிரட்டிக் குறைத்தல் களவு. காப்பீட்டு நிறுவனம்தானே கொடுக்கின்றது எனக் கணக்கை உயர்த்தி எழுதச் சொல்லும் சிலரும் நம்மவருள் உளர், அதுவும் களவே. இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரைக் கடிந்து பேசுவதில் பயனில்லை, விலையை வைத்தவர் அவரல்லர். குரோதத்தை அடக்கியவர்க்கும் 'நான் குறைத்துக் கொடுத்தேன்' என்னும் மானம் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கைப்பொருள் ஏதும் ஈயாத இச்செயலைத் தானம் எனலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். அபயதானம் என்பது உயிர்களின் அச்சத்தை நீக்குதல். நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கலங்கி நிற்கும் குடும்பத்திற்கு நோயினும் பெரிய அச்சம் அச்சீட்டே. அருகமர்ந்து அதனை வரிவரியாகப் படித்துக் காட்டுபவர் அவ்வச்சத்தின் ஒரு பகுதியையேனும் நீக்குகின்றார். ஆகலின் இதனை ஔஷததானத்தினும் அபயதானத்தின்பாற் சேர்ப்பதே பொருத்தம் என்பது நம் கருத்து.

ஊர்தோறும் ஓய்வுபெற்ற கணக்கர்களும் செவிலியர்களும் நம்மிடையே உளர். மருந்துக்கடை நடத்துவோரும் உளர். சங்கத்தின் மருத்துவ நிதியிலிருந்து காசோலை எழுதுமுன், அவர்களுள் இருவர் அச்சீட்டை ஒருமுறை பார்க்கட்டும்.